லண்டனில் முதல் நான்கு நாட்கள்: நடுவூரா, ஓரமா, உறவினர் வீடா?

லண்டனுக்கு முதல்முறை போகிறவர்கள் எதையெல்லாம் பார்ப்பது என்றுதான் கேட்கிறார்கள். அதில் முடிவெடுக்கப் பெரிதாக ஒன்றுமில்லை. லண்டன் டவர், வெஸ்ட்மின்ஸ்டர், பக்கிங்ஹாம் அரண்மனை வாசல், பிரிட்டிஷ் மியூசியம், தேம்ஸ் கரை, டவர் பாலம் என்று எல்லோருடைய பட்டியலும் ஏறக்குறைய ஒன்றுதான். அப்படி இருப்பதில் வெட்கப்படவும் ஏதுமில்லை. மண்டையைக் குடைந்துகொள்ள வேண்டிய கேள்வி, இரவில் எங்கே படுப்பது என்பது. நான்கே நாள் கையில் இருக்கும்போது எந்த ரயில், எந்த டிக்கெட், மாலை எத்தனை மணிவரை வெளியே இருக்கலாம், கூட வரும் பெரியவர்களால் தாக்குப்பிடிக்க முடியுமா என்பதெல்லாம் அந்த ஒரு முடிவின் பின்னாலேயே வரும்.

வழிகள் மூன்று. நடுவூரில் ஒரு சின்ன அறை. அதே பணத்துக்கோ இன்னும் குறைவாகவோ, ரயில் பாதையை ஒட்டித் தள்ளி ஒரு பெரிய அறை. மூன்றாவது நம்மில் பலருக்கு வாய்க்கிற வழி: ஈஸ்ட் ஹாமிலோ வெம்பிளியிலோ ஹாரோவிலோ டூட்டிங்கிலோ இருக்கும் உறவினர் வீடு. என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான்கு நாளுக்கு நடுவூர்தான். ஆனால் அதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் எனக்கு ஒப்புதல் இல்லை.

விடியற்காலையின் கணக்கு

நடுவூரில் தங்கினால் இரவு வாழ்க்கையை அனுபவிக்கலாம், நாடகம் பார்த்துவிட்டு நடந்தே அறைக்குத் திரும்பலாம் என்பார்கள். ஐரோப்பாவுக்குள்ளிருந்து வருகிறவருக்கு அது சரி. சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ போகிறவருக்கு முதல் இரண்டு நாள் இரவு என்பதே கிடையாது. கோடையில் லண்டன் நமக்கு நான்கரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. குளிர்காலத்தில் ஐந்தரை மணி நேரம். அங்கே இரவு எட்டு மணி அடிக்கும்போது நம் உடம்புக்கு நள்ளிரவு தாண்டிவிட்டது. நாடக அரங்கின் மெத்தை நாற்காலியில் முதல் காட்சி முடிவதற்குள் தலை சாய்ந்துவிடும். அந்த டிக்கெட்டின் விலைக்கு அது மிக விலையுயர்ந்த தூக்கம்.

இதன் மறுபக்கம்தான் பலர் கணக்கில் எடுக்காதது. இரவு ஒன்பதுக்கே படுத்தவர் காலை நான்கு மணிக்கெல்லாம் கண் விழித்துவிடுவார். புரண்டு படுத்தாலும் தூக்கம் வராது. ஜூன் மாதத்தில் லண்டனில் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் உதித்துவிடும். நடுவூரில் இருப்பவர் ஷூவை மாட்டிக்கொண்டு இறங்கினால் கோவென்ட் கார்டன், டிரஃபால்கர் சதுக்கம், வெஸ்ட்மின்ஸ்டர் பாலம் என்று எல்லாமே வெறிச்சோடிக் கிடக்கும். குப்பை வண்டியும் ஓரிரு ஓட்டக்காரர்களும்தான் துணை. பகலில் அந்தப் பாலத்தில் செல்ஃபிக் கம்புகளுக்கு நடுவே ஒருக்களித்துத்தான் நடக்க முடியும். காலை ஐந்தரைக்கு அதே பாலத்தில் நின்று பிக் பென் மணியோசையைக் கேட்டுவிட்டு, ஏழு மணிக்குத் திரும்பி, குளித்துச் சாப்பிட்டு, மறுபடி கிளம்பலாம். கட்டணமில்லாமல், வரிசையில் நிற்காமல் பட்டியலில் மூன்று இடம் முடிந்திருக்கும்.

தள்ளித் தங்கியவருக்கும் அதே நான்கு மணிக்கு விழிப்பு வரும். ஆனால் சுரங்க ரயில் ஓடத் தொடங்குவதே ஐந்து மணி வாக்கில்தான். ஞாயிற்றுக்கிழமை அதைவிடவும் தாமதம். அவர் கட்டிலில் கிடந்து கைபேசியை உருட்டுவார். உறவினர் வீட்டில் இருப்பவர் நிலைமை இன்னும் தர்மசங்கடம். பலகைத் தரை கொண்ட வீடுகளில் மாடியில் ஒருவர் எழுந்து நடந்தால் கீழே கிரீச்சிடும். மற்றவர்கள் வேலைக்கும் பள்ளிக்கும் போக வேண்டியவர்கள். காபி போட அடுக்களைக்குப் போகலாமா, கெட்டிலின் சத்தம் குழந்தையை எழுப்பிவிடுமா என்று தயங்கியே இரண்டு மணி நேரம் கழியும். நான்கு நாள் பயணத்தில் விடியற்காலை என்பது இனாமாகக் கிடைக்கிற ஐந்தாவது நாள். அதை நடுவூர்வாசிதான் அள்ளிக்கொள்கிறார்.

டிசம்பரில் இந்தக் கணக்கு மாறும். காலை எட்டு மணிக்குத்தான் வெளிச்சம் வரும், மாலை நான்கு மணிக்குள் இருட்டிவிடும். விடியல் நடை கிடையாது. ஆனால் அப்போது பகலே எட்டு மணி நேரத்துக்குக் குறைவு. போக முக்கால் மணி, வர முக்கால் மணி என்று நான்கு நாளும் ரயிலில் கழித்தால் ஆறு மணி நேரம். ஒரு குளிர்காலப் பகலில் முக்கால்வாசியைச் சுரங்கத்துக்குள்ளேயே செலவழித்ததாக ஆகும். ஆக, கோடைக்கு ஒரு காரணம், குளிருக்கு வேறொரு காரணம், பதில் மாறவில்லை.

நடுவூர் என்பது எவ்வளவு பெரிது

லண்டன் போக்குவரத்தில் ஊரை வளையம் வளையமாக மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். நடுவில் இருப்பது முதல் மண்டலம். முதல் பயணப் பட்டியலில் இருப்பவை அநேகமாக எல்லாமே அதற்குள் அடங்கிவிடும். கிரீனிச் மட்டும் சற்று வெளியே. வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்திலிருந்து டவர் பாலம்வரை தென்கரையோடு நடந்தால் சுமார் நான்கு கிலோமீட்டர். மெதுவாக நடப்பவருக்கும் ஒன்றேகால் மணி நேரம் போதும், அதுவும் கார் தொல்லை இல்லாத ஆற்றோரப் பாதை.

இவ்வளவு கிட்டத்தில் இருப்பது வரைபடத்தைப் பார்த்தால் தெரியாது. ஹாரி பெக் வரைந்து 1933இல் வெளியான சுரங்க ரயில் வரைபடம்தான் இன்றைய வரைபடத்துக்கும் அடிப்படை. அவர் தூரத்தைக் காட்டவில்லை; எந்தப் பாதை எந்தப் பாதையோடு சேர்கிறது என்பதை மட்டும் நேர்கோடுகளாகக் காட்டினார். அது மேதைமை. ஆனால் புதிதாக வருகிறவரை ஏமாற்றவும் செய்கிறது. லெஸ்டர் சதுக்கத்திலிருந்து கோவென்ட் கார்டன் ஒரு நிறுத்தம். நடுவே சுமார் 260 மீட்டர்தான். படியிறங்கி, மேடைக்குப் போய், ரயிலுக்குக் காத்திருந்து, கோவென்ட் கார்டனில் லிஃப்ட் வரிசையில் நிற்பதற்குள் நடந்தவர் போய் உட்கார்ந்திருப்பார். பொறுமையிழந்து அங்கே படியேறத் துணிந்தால் சுழல் படிக்கட்டு 193 படி. பதினைந்து மாடிக் கட்டிடம் என்று எச்சரிக்கைப் பலகையே வைத்திருக்கிறார்கள்.

இந்த வரைபடம் தங்குமிடத் தேர்வையும் கெடுக்கிறது. அதில் ஓர் அங்குலம் என்பது நடுவூரில் ஐந்து நிமிட நடை; ஓரத்தில் அரை மணி நேரம்.

நடுவூருக்குள் எது

நடுவூர் என்று முடிவான பிறகும் வேலை முடிவதில்லை. கிங்ஸ் கிராஸ், யூஸ்டன், ரஸ்ஸல் சதுக்கம் சூழ்ந்த புளூம்ஸ்பரி வட்டாரத்துக்குத்தான் என் முதல் வாக்கு. பிரிட்டிஷ் மியூசியம் அங்கேயே இருக்கிறது. கிங்ஸ் கிராஸில் ஆறு சுரங்கப் பாதைகள் கூடுகின்றன. ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து பிக்காடில்லி பாதை ரயில் மாறாமல் நேராக அங்கே வந்து சேரும். சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்கு ஒரு கூடுதல் செய்தி: யூஸ்டன் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் டிரம்மண்ட் தெரு இந்தியச் சைவ உணவகங்களுக்குப் பெயர்போனது. மூன்றாம் நாள் சாண்ட்விச்சைக் கண்டாலே முகம் சுளிக்கும் அப்பாவோடு போகிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

அடுத்து பேடிங்டன். ஹீத்ரோவிலிருந்து வரும் எலிசபெத் பாதை, ஹீத்ரோ எக்ஸ்பிரஸ் ஆகிய இரண்டு ரயில்களும் அங்கே வருவதால் பெட்டிகளோடு வருகிறவர்களுக்கு ஏற்றது. ஹைட் பார்க் அருகில். ஆனால் சுற்றுப்புறம் சக்கரப் பெட்டிகள் உருளும் ஹோட்டல் தெருக்களாகவே இருக்கும். விடியற்காலை நடைக்குத் தேம்ஸ் கரை தூரம். சவுத் கென்சிங்டன் குழந்தைகளோடு போகிறவர்களுக்கு. டைனோசர் எலும்புக்கூடுகள் இருக்கும் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம், அறிவியல் அருங்காட்சியகம், விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் மூன்றும் அடுத்தடுத்து நிற்கின்றன. வாட்டர்லூ, தென்கரைப் பக்கம் நடப்பதற்கு எல்லாவற்றிலும் சிறந்தது. அறை வாடகையும் அதைத் தெரிந்துதான் இருக்கும். சோஹோவையும் லெஸ்டர் சதுக்கத்தையும் தவிர்த்துவிடலாம். இரவு முழுக்கச் சத்தம். நான்கு மணிக்கு எழுகிறவர் இரவு ஒன்பது மணிக்கே தூங்கியாக வேண்டும்.

சனி, ஞாயிறை உள்ளடக்கிய பயணம் என்றால் ஒரு உபாயம் உண்டு. டவர் ஹில், ஆல்ட்கேட், லிவர்பூல் ஸ்ட்ரீட் பக்கம் வங்கிகளும் அலுவலகங்களும் நிறைந்த பகுதி. வார நாட்களில் அலுவல் பயணிகளை நம்பி நடக்கும் ஹோட்டல்கள் வெள்ளி முதல் ஞாயிறுவரை பெரும்பாலும் வாடகையைக் குறைக்கும். தெருக்கள் ஆளரவமற்றுக் கிடக்கும், சில கடைகள் மூடியிருக்கும். ஆனால் லண்டன் டவர் காலடியில் இருக்கும்.

நடுவூரின் குறை அறைதான். அதை மறைக்கக் கூடாது. மலிவான ஹோட்டல்கள் பலவும் பழைய வரிசை வீடுகளை ஒன்றாகத் தட்டிச் சேர்த்தவை. கதவைத் திறந்தால் கட்டில் இடிக்கும். பெட்டியை விரிக்கக் கட்டிலின் மேல்தான் இடம். குளியலறை அலமாரி அளவுக்கு இருக்கும். முக்கியமாக, லிஃப்ட் இருக்காது. "நான்காவது மாடி, குடும்ப அறை" என்று எழுதியிருந்தால் குறுகலான, கம்பளம் போர்த்திய, வளைந்து வளைந்து ஏறும் படிக்கட்டில் இருபத்துமூன்று கிலோ பெட்டியோடு உங்களைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். முன்பதிவுக்கு முன் இரண்டே கேள்வி கேட்டால் போதும்: லிஃப்ட் எந்த மாடிவரை போகிறது, அறை நிலத்துக்குக் கீழே இருக்கிறதா. இரண்டாவது கேள்விக்குப் பதில் மழுப்பலாக வந்தால் வேறு இடம் பார்க்கலாம்.

சின்ன அறையை வைத்துக்கொண்டே ஒரு பெரிய வசதி கிடைக்கிறது: மத்தியானம் திரும்பி வரலாம். விடியலில் நடந்து, காலையில் ஒரு பெரிய இடம் பார்த்து, ஒரு மணிக்கு அறைக்கு வந்து கால் நீட்டி, நாலு மணிக்கு மறுபடி இறங்கலாம். ஜூனில் ஒன்பது மணிக்கு மேலும் வெளிச்சம் இருக்கும். அறுபது தாண்டியவர்களோடும் சிறு குழந்தைகளோடும் போகிறவர்களுக்கு இந்த மத்தியான ஓய்வு இல்லாவிட்டால் மூன்றாம் நாள் பயணம் படுத்துவிடும். தள்ளித் தங்கியவருக்கு இது நடக்காத காரியம். காலையில் கிளம்பினால் ராத்திரிதான் திரும்ப வேண்டும்.

ஓரத்தில் தங்குவது எப்போது சரி

ஒரு வாரத்துக்கு மேல் இருக்கிறீர்கள் என்றாலோ, நான்கைந்து பேர் குடும்பத்துக்கு நடுவூரில் இரண்டு அறை எடுக்கக் கட்டுப்படியாகவில்லை என்றாலோ ஓரம்தான் வழி. அப்போதும் இடத்தின் பெயரைப் பார்க்காமல் பாதையைப் பார்க்க வேண்டும். ரயில் மாறாமல் நடுவூருக்குள் போக முடிகிற நிலையம், அந்த நிலையத்திலிருந்து ஹோட்டலுக்கு ஐந்து நிமிட நடை. இவை இரண்டும் பொருந்தாத இடம் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

இப்படிப் பார்த்தால் ஸ்ட்ராட்ஃபர்ட் முதலில் நிற்கும். 2012 ஒலிம்பிக்ஸுக்காக மாறிய பகுதி. எலிசபெத், சென்ட்ரல், ஜூபிலி பாதைகள் மூன்றும் அங்கே உண்டு. கட்டிடங்கள் புதியவை, அதனால் லிஃப்ட் கவலை இல்லை. மேற்கே ஹேமர்ஸ்மித், ஈலிங் பிராட்வே. ஹீத்ரோவில் இறங்குகிறவர்களுக்கு இவை வழியிலேயே இருக்கின்றன. கேட்விக் விமான நிலையத்தில் இறங்குகிறவர்கள் ஈஸ்ட் கிராய்டனைப் பார்க்கலாம். ஐந்தாவது மண்டலம் என்று பயமுறுத்தினாலும், விரைவு ரயிலில் லண்டன் பிரிட்ஜுக்கு இருபது நிமிடத்துக்குள் போய்விடலாம். சுரங்க ரயிலை மட்டும் நினைப்பவர்களுக்கு இந்த ஊர் தோன்றவே தோன்றாது.

ஹீத்ரோவை ஒட்டிய ஹோட்டல்களை விட்டுவிடுங்கள். மலிவாக, பெரிதாக, சுத்தமாக இருக்கும். படத்தில் நீச்சல் குளம்கூடத் தெரியும். ஆனால் அங்கிருந்து பஸ் பிடித்து நிலையத்துக்கு வந்து நடுவூருக்குப் போவதற்குள் ஒன்றேகால் மணி நேரம் ஓடிவிடும். கடைசி இரவுக்கு, அதிகாலை விமானம் இருந்தால் மட்டும் அவை சரி.

உறவினர் வீடு

இதைப் பற்றி எழுதுவதற்குக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். "வீடு இருக்கும்போது ஹோட்டலா?" என்ற கேள்விக்கு நம் ஊரில் ஒரே பதில்தான் உண்டு, அதுவும் கேட்கிறவரே எழுதிக் கொடுத்த பதில்.

நன்மைகள் மெய்யானவை. வாடகை மிச்சம், வீட்டுச் சாப்பாடு, துணி துவைக்க இயந்திரம், ஏதாவது ஆகிவிட்டால் கூட ஆள். இடத்தைப் பொறுத்தவரையிலும் சில வீடுகள் மோசமில்லை. ஈஸ்ட் ஹாமிலிருந்து டிஸ்ட்ரிக்ட் பாதையில் ஏறினால் டவர் ஹில்லும் வெஸ்ட்மின்ஸ்டரும் மாறாமல் வரும். வெம்பிளி பார்க்கிலிருந்து ஜூபிலி பாதை வெஸ்ட்மின்ஸ்டர், வாட்டர்லூ, லண்டன் பிரிட்ஜ் என்று நேராகப் போகும். டூட்டிங் பிராட்வேயிலிருந்து நார்தர்ன் பாதை. ஆனால் வீடு நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். "ஸ்டேஷன்லேருந்து பஸ் இருக்கு, பத்து நிமிஷம்தான்" என்று மாமா சொல்லும் பத்து நிமிடம் காத்திருப்பையும் சேர்த்து இருபத்தைந்து.

விலை மாலைகளில் வசூலாகிறது. ஆறு மணிக்குச் சாப்பாடு தயார், எல்லோரும் காத்திருக்கிறார்கள் என்று செய்தி வரும். போகாமல் இருக்க முடியாது, இருக்கவும் கூடாது. சனிக்கிழமை இன்னொரு உறவினர் வீட்டுக்கு அழைப்பு. ஞாயிறு கோயில். லண்டனில் இருக்கும் நம் கோயில்கள் பார்க்க வேண்டியவைதான், ஹைகேட் ஹில் முருகன் கோயிலுக்குப் போய்வந்த யாரும் அதை வீண் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் நான்கு நாளில் ஒரு நாள் இப்படிப் போனால் மீதி மூன்று. அவர்கள் பக்கமும் யோசிக்க வேண்டும். விடுப்பு எடுக்க முடியாத வேலை, ஒரே குளியலறை, படிக்கும் பிள்ளையின் அறையைக் காலி செய்து கொடுத்திருப்பார்கள். அந்தப் பிள்ளை வரவேற்பறைச் சோபாவில் தூங்கும்.

பிளவுதான் நல்ல வழி. முதல் மூன்று இரவு நடுவூரில், கடைசி இரவு அவர்கள் வீட்டில். வரிசை முக்கியம். முதலில் அவர்கள் வீட்டுக்குப் போனால் அங்கிருந்து கிளம்ப விடமாட்டார்கள். "ஜெட் லேக்கில் விடிகாலையில் எழுந்து உங்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம், பழகிக்கொண்டு வருகிறோம்" என்று சொன்னால் அது பொய்யும் இல்லை, யாருக்கும் மனத்தாங்கலும் இல்லை. கடைசி நாளில் போனால் ஊருக்குக் கொடுத்தனுப்ப வேண்டிய பொட்டலங்களும் ஒரேயடியாகப் பெட்டிக்குள் ஏறிவிடும்.

விமான நிலையத்திலிருந்து

இடம் முடிவானால் ரயில் தானாகவே முடிவாகிவிடும். ஹீத்ரோ எக்ஸ்பிரஸ் பதினைந்து நிமிடத்தில் பேடிங்டன் போகிறது, நடுவே எங்கும் நிற்காது. பேடிங்டனிலேயே தங்குகிறவரைத் தவிர வேறு யாருக்கும் அந்த அவசரத்துக்கு அர்த்தமில்லை. மிச்சப்படுத்திய நேரத்தை அங்கே இன்னொரு ரயில் தேடுவதில் செலவழிப்பார்கள். 2022இல் திறந்த எலிசபெத் பாதை, அதைவிடக் கொஞ்சம் மெதுவாக வந்தாலும், டாட்டன்ஹாம் கோர்ட் ரோடு, லிவர்பூல் ஸ்ட்ரீட் என்று நடுவூரைக் குறுக்கே கடக்கிறது. பெட்டிகள் இடிக்காத அகலமான ரயில். பிக்காடில்லி பாதை எல்லாவற்றிலும் மலிவு, எல்லாவற்றிலும் மெது. கிங்ஸ் கிராஸுக்கு ஒரு மணி நேரம் ஆகும், பெட்டி வைக்க இடம் குறைவு. இருவர் ஆளுக்கொரு பெட்டியோடு வந்தால் எலிசபெத். நான்கு பேர், ஆறு பெட்டி, ஒரு பாட்டி என்றால் மானம் பார்க்காமல் முன்கூட்டியே கார் ஏற்பாடு செய்துவிடுங்கள்.

கார்டும் பஸ்ஸும்

போக்குவரத்துக்கு முன்கூட்டியே பணம் போட்டுத் தட்டும் ஓய்ஸ்டர் கார்டு வாங்குவதா என்ற கேள்வி இப்போது பெரும்பாலானவர்களுக்கு இல்லை. தட்டினால் வேலை செய்யும் வங்கிக் கார்டோ கைபேசியோ இருந்தால் அதே கட்டணம்தான். ஒரு நாளில் எத்தனை முறை போனாலும் ஓர் உச்சவரம்புக்கு மேல் பிடிக்க மாட்டார்கள். கவனிக்க வேண்டியவை இரண்டு. ஆளுக்கொரு கார்டு வேண்டும். காலையில் கைபேசியைத் தட்டியவர் மாலையில் கார்டைத் தட்டக் கூடாது, அதே கணக்கானாலும் இரண்டையும் இரண்டு ஆளாகத்தான் எண்ணும். உங்கள் வங்கி வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்குத் தனியாகக் கட்டணம் பிடிக்கும் என்றால் மட்டும் ஓய்ஸ்டரைப் பற்றி யோசியுங்கள். பதினொரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பெரியவர்களோடு சுரங்க ரயிலில் கட்டணமில்லை. உச்சவரம்பு மண்டலத்தைப் பொறுத்துக் கூடும் என்பதால், ஓரத்தில் தங்கியவர் அறை வாடகையில் மிச்சப்படுத்தியதில் கொஞ்சத்தைத் தினமும் இங்கே கட்டுகிறார்.

மேல்தளம் திறந்த சுற்றுலா பஸ்ஸா, சாதாரணச் சிவப்புப் பஸ்ஸா என்றால் தயக்கமில்லாமல் சிவப்புப் பஸ். 15ஆம் எண் டிரஃபால்கர் சதுக்கத்தில் புறப்பட்டு ஃபிளீட் ஸ்ட்ரீட், செயின்ட் பால்ஸ் தேவாலயம் வழியாக லண்டன் டவருக்குப் போகிறது. மேல்தளத்தின் முன்னிருக்கை கிடைத்தால் சுற்றுலா பஸ் காட்டுவதில் பாதியைச் சாதாரணக் கட்டணத்துக்குப் பார்த்துவிடலாம். முதல் பஸ்ஸில் தட்டியதிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வேறு பஸ் ஏறினால் மறுபடி கட்டணமும் இல்லை. காசு வாங்க மாட்டார்கள்; ஏறும்போது ஒரு தட்டு, இறங்கும்போது தட்ட வேண்டாம். முழங்கால் வலிக்காரர்களுக்கு இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. சுரங்க நிலையங்களில் பாதிக்கும் குறைவானவற்றில்தான் படியேறாமல் போக முடியும். பஸ்கள் எல்லாமே தாழ்தளம்.

பாஸ் எடுப்பதா

இத்தனை இடங்களுக்கு ஒரே டிக்கெட் என்று விற்கும் பாஸ்கள் வேறு பல ஊர்களில் லாபம். லண்டனில் முதல் பயணத்துக்கு அநேகமாக நஷ்டம். 2001 டிசம்பரிலிருந்து தேசிய அருங்காட்சியகங்கள் எல்லாவற்றிலும் அனுமதி இலவசம். பிரிட்டிஷ் மியூசியம், நேஷனல் கேலரி, டேட் மாடர்ன், கென்சிங்டன் அருங்காட்சியகங்கள் எதற்கும் டிக்கெட் இல்லாதபோது, பாஸ் எதற்குப் பணம் வாங்குகிறது? டவருக்கும் வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்துக்கும் இன்னும் இரண்டு மூன்று இடங்களுக்கும். அவற்றில் இரண்டை மட்டும் பார்க்கிறவர் தனித்தனியாக இணையத்தில் வாங்குவதே மலிவு. பாஸ் எடுத்தவர் போட்ட பணத்தை எடுக்க ஒரே நாளில் நான்கு இடம் ஓடுவார். எந்த இடமும் மனதில் நிற்காது.

இலவசம் என்பதன் அழகு, அரை மணி நேரம் மட்டும் போய்வரலாம் என்பது. பிரிட்டிஷ் மியூசியத்தை முழுக்கப் பார்க்க முயல்வது வீண். நம்மவர் ஒருவர் கேட்டால் 33ஆம் அறையின் கோடிக்கு அனுப்புவேன். 1859இல் சென்னையிலிருந்து கப்பலேற்றப்பட்ட அமராவதி ஸ்தூபச் சிற்பங்கள் அங்கே இருக்கின்றன. வெளுத்த சுண்ணாம்புக் கல்லில் தாமரை வட்டங்களும் நெருக்கியடித்து நிற்கும் மனிதர்களும். ரொசெட்டா கல்லைச் சுற்றி நிற்கும் கூட்டத்தில் பத்தில் ஒரு பங்குகூட இங்கே வருவதில்லை. விக்டோரியா ஆல்பர்ட்டில் திப்பு சுல்தானின் புலி: வெள்ளைக்காரச் சிப்பாய் ஒருவன் மேல் பாய்ந்து நிற்கும் மரப்பொம்மை, உள்ளே ஒரு சின்ன ஆர்கன். வெள்ளிக்கிழமை மாலைகளில் இந்த இரண்டு அருங்காட்சியகங்களும் வழக்கத்தைவிட நேரம் கழித்து மூடும். அறை பக்கத்தில் இருந்தால் இரவுச் சாப்பாட்டுக்கு முன் போய்வரலாம்.

வெளியூர்ச் சுற்றுலா எதுவும் வேண்டாம். பழங்காலக் கல்வட்டமான ஸ்டோன்ஹெஞ்ச் ஒரு முழு நாளைத் தின்றுவிடும். ஊரைவிட்டு விலக ஆசையாக இருந்தால் கிரீனிச் போதும். குன்றின் மேல் நின்றால் மொத்த நகரமும் தெரியும், குன்றுக்குக் கட்டணமில்லை. 1902இல் தேம்ஸுக்கு அடியில் திறந்த நடைபாதைச் சுரங்கமும் அங்கே உண்டு, குழந்தைகள் கத்தி எதிரொலி கேட்பார்கள்.

எந்த நாளை எங்கே வைப்பது

ஞாயிறுதான் சிக்கலான நாள். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயும் செயின்ட் பால்ஸும் அன்று வழிபாட்டுக்கு மட்டும். சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள். பெரிய கடைகள் சட்டப்படி ஆறு மணி நேரம்தான் திறந்திருக்கும், பெரும்பாலும் மத்தியானம் பன்னிரண்டிலிருந்து ஆறுவரை. அருங்காட்சியகத்தையும் ஆற்றங்கரை நடையையும் அன்றைக்கு வைத்துக்கொள்ளலாம். அரண்மனைக் காவல் மாற்றம் பொதுவாகத் திங்கள், புதன், வெள்ளி, ஞாயிறு காலை பதினொன்றுக்கு. கம்பி வேலியோரம் இடம் பிடிக்க ஒரு மணி நேரம் முன்பே போக வேண்டும். அவ்வளவு பொறுமை இல்லாதவர்கள் ஒயிட்ஹால் தெருவில் குதிரைப்படைக் காவல் மாற்றத்தைப் பார்க்கலாம். அது தினமும் உண்டு, ஞாயிறன்று மட்டும் பத்து மணிக்கு. லண்டன் டவருக்கு வார நாளில் திறக்கும் நேரத்துக்கே போய், முதலில் மணிமகுடங்கள் இருக்கும் இடத்துக்கு நேராக நடந்துவிட வேண்டும். கோஹினூரைப் பார்க்க வருகிறவர்களின் வரிசை பத்தரைக்கு மேல் வளரும்.

கிறிஸ்துமஸ் அன்று லண்டனில் சுரங்க ரயிலும் ஓடாது, பஸ்ஸும் ஓடாது. அந்த ஒரு நாள் மட்டும் உறவினர் வீடு போட்டியின்றி ஜெயிக்கிறது. நடுவூர் அறையில் இருந்தால் முந்தைய நாளே சாப்பாடு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

வார இறுதிகளில் ஏதாவது ஒரு பாதையைப் பராமரிப்புக்காக மூடுவார்கள். ஓரத்தில் ஒரே பாதையை நம்பித் தங்குகிறவர்கள், பணம் கட்டுவதற்கு முன் அந்தத் தேதிகளுக்கு அறிவித்திருக்கும் மூடல்களைப் போக்குவரத்துத் துறையின் தளத்தில் ஒருமுறை பார்த்துவிட்டு அறையை உறுதிசெய்யலாம்.